ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 9: விஎம்வேரை விட்டு வருவோர் முதலில் ஸ்டோரேஜைப் பார்க்க வேண்டும்

ஒரே சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை (மென்பொருளால் உருவாகும் கணினிகளை) ஓட்ட உதவும் மென்பொருளை விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கும் நடைமுறை 2023 நவம்பரில் முடிந்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிட்டு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் செலுத்திவந்த நிறுவனங்கள், இனிமேல் எல்லாவற்றையும் சந்தாவாகவே எடுக்க வேண்டும், அதுவும் ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது 16 கோர் என்ற கணக்கில் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. 2024 பிப்ரவரியில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் 8.0 அப்டேட் 3இ வெளியீட்டோடு அது சத்தமில்லாமல் திரும்பி வந்தது, ஆனால் அதற்குள் பலர் மாற்று தேடத் தொடங்கியிருந்தார்கள். இஎஸ்எக்ஸ்ஐயை உள்ளடக்கிய விஸ்பியர் 7 தொகுப்புக்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், இரண்டு மூன்று சர்வர்களை வைத்து ஈஆர்பி, கணக்கு, கோப்புப் பகிர்வு ஆகியவற்றை ஓட்டும் சிறிய, நடுத்தர நிறுவனங்களில் இப்போது அதிகம் அடிபடும் பெயர், அதே வேலையைச் செய்யும் திறந்த மூல மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ்.

2025 ஆகஸ்ட்டில் வெளியான அதன் 9-ஆம் பதிப்பையும் நவம்பரில் வந்த 9.1-ஐயும் முன்வைத்து, விஎம்வேரில் பழகிய ஒரு சர்வர் நிர்வாகியின் பார்வையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் வேலையில் ப்ராக்ஸ்மாக்ஸ் விஎம்வேருக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. பேக்கப்பில் ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஃபைபர் சேனல் அல்லது ஐஸ்கஸி வழியாக இணைந்த சான் ஸ்டோரேஜ் (பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் தனி டிஸ்க் பெட்டி) இருந்தால், மாறுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் வியன்னாவில் 2005-இல் தொடங்கிய நிறுவனம். மெய்நிகராக்கத்துக்கான அதன் மென்பொருளின் முதல் பதிப்பு 2008-இல் வெளிவந்தது. அடித்தளம் டெபியன் லினக்ஸ். 9-ஆம் பதிப்பு டெபியன் 13-இன் மேல் அமைந்தது. அதற்கு மேல் கேவிஎம், கியூஎமு இரண்டும் முழுமையான மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டுகின்றன; எல்எக்ஸ்சி, ஹோஸ்ட்டின் கெர்னலையே பகிரும் இலகுவான லினக்ஸ் கன்டெய்னர்களை ஓட்டுகிறது. கேவிஎம் 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கெர்னலிலிருந்தே லினக்ஸின் ஒரு பகுதி. கூகுளின் கம்ப்யூட் எஞ்சினும் அமேசானின் நைட்ரோவும் அதே கேவிஎம் அடிப்படையில்தான் இயங்குகின்றன. எனவே ‘இலவச மென்பொருளை நம்பி உற்பத்திச் சர்வரை ஓட்டலாமா’ என்று நிர்வாகக் கூட்டத்தில் யாராவது கேட்டால், ஹைப்பர்வைசரைப் பொறுத்தவரை அது எப்போதோ தீர்ந்துபோன கேள்வி. விஎம்வேருக்கு நாம் கொடுத்துவந்த பணத்தில் பெரும்பகுதி ஹைப்பர்வைசரைச் சுற்றியிருந்த விஎம்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, சுமையைத் தானாகப் பகிரும் டிஆர்எஸ், இரவு இரண்டு மணிக்கும் எடுக்கப்படும் தொலைபேசி ஆகியவற்றுக்கானது. மதிப்பிட வேண்டியவை இவைதான்.

நிறுவுதலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யுஎஸ்பியிலிருந்து துவக்கினால் சில நிமிடங்களில் முடிகிறது. பிறகு உலாவியில் 8006 என்ற போர்ட்டைத் திறந்தால் நிர்வாகப் பக்கம் வருகிறது. விசென்டர் போன்ற தனி நிர்வாக சர்வர் எதுவும் தேவையில்லை என்பது சிறிய நிறுவனங்களுக்கு உண்மையான லாபம். விசென்டர் 8-இன் மிகச் சிறிய வடிவமே 14 ஜிபி நினைவகம் கேட்கும். இங்கே க்ளஸ்டரில் (ஒன்றாக இணைந்த சர்வர் கூட்டத்தில்) உள்ள எந்த நோடின் (சர்வரின்) முகவரிக்குப் போனாலும் முழு க்ளஸ்டரையும் நிர்வகிக்கலாம். ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தின் அமைப்பும் ஒரு சிறிய உரைக் கோப்பாக, க்ளஸ்டர் முழுவதற்கும் பொதுவான ஒரு கோப்பகத்தில் இருக்கிறது. அதை எந்த உரைத் திருத்தியிலும் திறந்து படிக்கலாம். எத்தனை கோர், எந்த டிஸ்க், எந்த நெட்வொர்க் பிரிட்ஜ் என்பதெல்லாம் பத்துப் பதினைந்து வரிகளில் அடங்கிவிடுகிறது. கோளாறு ஏற்படும் நாளில் இந்த எளிமைக்கு விலையே கிடையாது. நிர்வாகப் பக்கத்தின் தோற்றம் பழையது, நெரிசலானது. அழகுக்கு மதிப்பெண் கொடுக்க முடியாது, ஆனால் வேலை நடக்கிறது.

புதிய இயந்திரம் உருவாக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று ப்ராசஸர் வகை. 8-ஆம் பதிப்பிலிருந்து நிர்வாகப் பக்கம் இயல்பாக ஒரு பொதுவான வகையைத் தருகிறது. வெவ்வேறு தலைமுறைச் சர்வர்கள் கலந்த க்ளஸ்டரில் ஓடும் இயந்திரத்தை நிறுத்தாமல் நகர்த்த அதுவே பாதுகாப்பானது. எல்லா நோடுகளும் ஒரே மாதிரியானவை என்றால் ‘ஹோஸ்ட்’ வகையைத் தேர்ந்தெடுத்து ப்ராசஸரின் முழுத் திறனையும் பெறலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். லினக்ஸுக்கு அது சரி. விண்டோஸில் ‘ஹோஸ்ட்’ வகை கொடுத்தவுடன் அதன் மெய்நிகராக்கம் சார்ந்த பாதுகாப்பு அம்சங்கள் விழித்துக்கொண்டு, சில நேரங்களில் இயந்திரம் முன்னைவிட மெதுவாகிவிடும் என்பதால், இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

இனி இடமாற்றம். 2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பு முதல் இஎஸ்எக்ஸ்ஐ சர்வரையே ஒரு ஸ்டோரேஜ் போல ப்ராக்ஸ்மாக்ஸில் சேர்த்து, அதிலுள்ள இயந்திரங்களைப் பட்டியலாகப் பார்த்து, ஒவ்வொன்றாக இறக்குமதி செய்துகொள்ளும் வசதி இருக்கிறது. விசென்டரின் முகவரியைக் கொடுத்தாலும் வேலை செய்யும், ஆனால் வேகம் மிகவும் குறைந்துவிடும். நேரடியாக இஎஸ்எக்ஸ்ஐயின் முகவரியையே கொடுக்க வேண்டும். விஎம்வேரின் விசான் (சர்வர்களின் உள் டிஸ்க்குகளைப் பகிரப்பட்ட ஸ்டோரேஜாக மாற்றும் மென்பொருள்) மேல் உள்ள டிஸ்க்குகளை இந்த வழியில் எடுக்க முடியாது; முதலில் வேறு டேட்டாஸ்டோருக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும். பழைய ஸ்னாப்ஷாட்கள் (தேவைப்பட்டால் திரும்பிச் செல்லப் பதிவு செய்துவைத்த இயந்திர நிலைகள்) இருந்தால் அவற்றை நீக்கிவிடுவதும், இயந்திரத்துக்குள் நிறுவிய விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை நிரல்களை அங்கேயே அகற்றிவிடுவதும் அவசியம். டூல்ஸை இங்கே வந்த பிறகு அகற்றலாம் என்று விட்டால், தான் விஎம்வேரில் இல்லை என்று சொல்லி அது நீங்க மறுக்கும்.

லினக்ஸ் இயந்திரங்கள் பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரே ஒரு இடறல், நெட்வொர்க் கார்டின் பெயர். விஎம்வேரில் என்ஸ்192 என்று இருந்த கார்டு இங்கே என்ஸ்18 ஆகிவிடும்; நிலையான ஐபி முகவரி பழைய பெயரில் எழுதப்பட்டிருந்தால், இயந்திரம் நன்றாகத் துவங்கும், ஆனால் பிங் போகாது. கன்சோலில் நுழைந்து ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

விண்டோஸ் அப்படியில்லை. ப்ராக்ஸ்மாக்ஸில் நல்ல வேகம் வேண்டுமானால் டிஸ்க்கும் நெட்வொர்க்கும் விர்ட்ஐஓ (மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உருவான வேகமான சாதன வகை) வகையில் இருக்க வேண்டும். அதற்கான டிரைவர் விண்டோஸில் இயல்பாகக் கிடையாது. துவக்க டிஸ்க்கை நேரே அந்த வகைக்கு மாற்றினால், துவக்க டிஸ்க்கைக் காணோம் என்ற நீலத்திரைதான் வரும். சரியான வழி இது: முதலில் டிஸ்க்கைச் சாட்டா வகையில் இணைத்துத் துவக்க வேண்டும், விர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓவைச் சொருகி அவற்றை நிறுவ வேண்டும், பிறகு விர்ட்ஐஓ ஸ்கஸி வகையில் 1 ஜிபி அளவுள்ள வெற்று டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, விண்டோஸ் அதை அடையாளம் காணும்படி செய்ய வேண்டும், அதன் பின் இயந்திரத்தை அணைத்து, துவக்க டிஸ்க்கை அந்த வகைக்கு மாற்றி, துவக்க வரிசையையும் திருத்தி, வெற்று டிஸ்க்கைக் கழற்றிவிடலாம். ஓர் இயந்திரத்துக்கு இது பெரிய வேலையில்லை, ஆனால் நாற்பது விண்டோஸ் சர்வர்கள் உள்ள இடத்தில் ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று மேலாளரிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். விஎம்எஃப்எஸ் என்பது பல சர்வர்கள் ஒரே சான் வால்யூமை ஒரே நேரத்தில் திறந்து, அதில் ஒவ்வொரு இயந்திரத்தின் டிஸ்க்கையும் கோப்பாக வைத்து, ஸ்னாப்ஷாட் எடுத்து, தேவைக்கேற்ப வளரவிட்டு வேலை செய்ய வழிவகுத்த கோப்பு முறைமை. அதற்கு இணையான ஒன்று ப்ராக்ஸ்மாக்ஸில் இல்லை. பகிரப்பட்ட சான் வால்யூமின் மேல் இங்கே எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க்கைத் தனித்தனி வால்யூம்களாகப் பிரிக்கும் முறை) அமைத்து, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு தருக்க வால்யூம் ஒதுக்குகிறார்கள். ஓடும் இயந்திரத்தை நோடுக்கு நோடு நகர்த்துவது இதில் சிக்கலின்றி நடக்கும், ஆனால் 9.0 வருவதற்கு முன் ஸ்னாப்ஷாட் மட்டும் எடுக்க முடியாது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன் ஸ்னாப்ஷாட் எடுத்துப் பழகிய கைகளுக்கு இது சாதாரணக் குறையில்லை.

9.0 இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது பழைய வால்யூமை அப்படியே விட்டு, புதிதாக எழுதப்படுபவை இன்னொரு வால்யூமுக்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்துவிடும் முறை அதில் வந்திருக்கிறது. முன்னோட்ட நிலையில்தான் அதை வெளியிட்டார்கள் என்பதையும், ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் மூல டிஸ்க்கின் முழு அளவையும் சான் வால்யூமில் ஒதுக்கிக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. 500 ஜிபி தரவுத்தளச் சர்வருக்கு ஒரே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் இன்னொரு 500 ஜிபி போய்விடும். தன் பக்கத்திலேயே இட ஒதுக்கீட்டைச் சிக்கனமாகச் செய்யும் ஸ்டோரேஜ் பெட்டி என்றால் இது கவலையில்லை. மற்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் பெட்டி என்எஃப்எஸ் பகிர்வையும் (கோப்புகளை நெட்வொர்க் வழியாகப் பகிரும் முறை) தருமானால் அதையே பயன்படுத்துங்கள் என்பது என் பரிந்துரை. டிஸ்க்குகள் கியூஎமுவின் கியூகவ்2 வடிவக் கோப்புகளாக அமர்ந்துவிடும், ஸ்னாப்ஷாட் பல்லாண்டாகச் சோதிக்கப்பட்ட முறையில் வேலை செய்யும்.

புதிதாக வன்பொருள் வாங்குவோருக்கு இந்தத் தலைவலி கிடையாது. மூன்று நோடுகளும் அவற்றுக்கிடையே 10 ஜிகாபிட் அல்லது அதற்கு மேற்பட்ட தனி நெட்வொர்க்கும் இருந்தால், நிர்வாகப் பக்கத்திலிருந்தே செஃப் நிறுவி, சர்வர்களின் உள்ளிருக்கும் டிஸ்க்குகளையே பகிரப்பட்ட ஸ்டோரேஜாக மாற்றிக்கொள்ளலாம். விசானுக்குத் தனி உரிமம் வாங்கி வந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எல்லாத் தரவும் மூன்று பிரதியாக எழுதப்படுவதால் மொத்தம் 30 டிபி டிஸ்க் போட்டால் 10 டிபிக்கும் குறைவாகத்தான் புழங்க முடியும் என்பதைக் கொள்முதல் பட்டியல் எழுதும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டே சர்வர்கள் வைத்திருப்போருக்கு ஜெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இருக்கிறது. ஒரு நோடிலிருந்து இன்னொன்றுக்கு இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை, வேண்டுமானால் நிமிடத்துக்கு ஒருமுறை, மாற்றங்களை மட்டும் நகலெடுக்கும். நோடு விழுந்தால் கடைசி நகலுக்குப் பிறகு எழுதப்பட்டவை போய்விடும். கணக்குப் பிரிவு அதை ஏற்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம். ஜெட்எஃப்எஸ் வன்பொருள் ரெய்டு கன்ட்ரோலரின் (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் அட்டையின்) மேல் அமர விரும்பாது. டிஸ்க்குகள் நேரடியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மின்தடைப் பாதுகாப்பு இல்லாத, வீட்டுக் கணினிகளுக்கான எஸ்எஸ்டிகளை இதில் போட்டால் வேகமும் இராது, ஆயுளும் இராது. பாதி நினைவகத்தை ஜெட்எஃப்எஸ் விழுங்கிவிடுகிறது என்ற பழைய புகாருக்கு மட்டும் 8.1-இலேயே விடை வந்துவிட்டது: புதிய நிறுவல்களில் அதன் தற்காலிகச் சேமிப்பு மொத்த நினைவகத்தில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 16 ஜிபி என்று கட்டுப்படுத்தப்படுகிறது.

எந்த நோடுகள் தொடர்ந்து இயங்கலாம் என்பது பெரும்பான்மை வாக்கால் முடிவாவதால், க்ளஸ்டருக்கு மூன்று வாக்குகள் வேண்டும். இரண்டு நோடு மட்டும் இருந்தால் மூன்றாவது வாக்குக்கு ஒரு சிறிய லினக்ஸ் கணினி போதும். நோடுகளுக்கிடையேயான உரையாடலைக் கவனிக்கும் கோரோசிங்க் தாமதத்தைத் துளியும் பொறுக்காது. அதை பேக்கப் போகும் அதே கேபிளில் விட்டால், பேக்கப் ஓடும் நள்ளிரவில் நோடுகள் ஒன்றையொன்று காணாமல் தாமாகவே மறுதுவக்கம் செய்துகொள்ளும் ஆபத்து உண்டு. தனி ஸ்விட்ச், குறைந்தது தனி போர்ட், இதில் சிக்கனம் கூடாது. ஒரு நோடு விழுந்தால் அதிலிருந்த இயந்திரங்கள் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்குள் மற்ற நோடுகளில் மீண்டும் துவங்கும். எந்த இயந்திரங்கள் ஒன்றாக இருக்க வேண்டும், எவை பிரிந்தே இருக்க வேண்டும் என்று விதி எழுதும் வசதி 9.0-இல் வந்தது; பயனர் உள்நுழைவைச் சரிபார்க்கும் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களும் ஒரே பெட்டியில் மாட்டிக்கொள்ளும் கவலை இதனால் தீர்ந்தது. விஎம்வேரின் டிஆர்எஸ் போல ஓடும் சுமையை இடைவிடாமல் கவனித்து இயந்திரங்களைத் தானாக நகர்த்தும் அமைப்பு மட்டும் 9.1 வரை இல்லை. மூன்று நான்கு நோடுகளுக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம். முப்பது நோடுகளுக்கு அதன் அருமை தெரியும்.

பேக்கப் விஷயத்தில் என் பாராட்டு முழுமையானது. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் தனி மென்பொருள். முதல் நிலையான பதிப்பு 2020 நவம்பரில் வந்தது, இதுவும் இலவசமாகக் கிடைக்கிறது. டிஸ்க்கைத் துண்டுகளாக நறுக்கி, ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமிக்கிறது; ஒரே விண்டோஸ் டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்த இருபது சர்வர்களின் பேக்கப் வியக்கத்தக்க அளவு சிறிதாக இருக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தால் எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பும் கூடவே இருப்பதால் தினசரி பேக்கப் சில நிமிடங்களில் முடிகிறது. அணைத்துத் துவக்கினால் அந்தக் குறிப்பு அழிந்து, அடுத்த முறை டிஸ்க் முழுவதையும் படிக்க வேண்டியிருக்கும். வேண்டுமானால் ஒரு கோப்பை மட்டும் தனியே மீட்கலாம். இயந்திரத்தைத் துவக்கிவிட்டுப் பின்னணியில் தரவை மீட்டுக்கொண்டே இருக்கலாம். எடுத்த பேக்கப் கெடாமல் இருக்கிறதா என்று கால அட்டவணைப்படி சோதிக்கவும் செய்யலாம்.

இதில் அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று உண்டு. பேக்கப் ஓடும்போது, இன்னும் நகலெடுக்கப்படாத பகுதியில் இயந்திரம் எழுத வந்தால், பழைய தரவு பேக்கப் சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அந்த எழுத்து அனுமதிக்கப்படுகிறது. ஆகவே, பேக்கப் சர்வர் பழைய சுழல் டிஸ்க்கில் மெதுவாக ஓடினால், உற்பத்திச் சர்வரும் அதோடு சேர்ந்து மெதுவாகும். 8.2-இல் வந்த ஃப்ளீசிங் என்ற தேர்வு, அந்தப் பழைய தரவை உள்ளூர் வேக டிஸ்க்கில் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து இதைத் தீர்க்கிறது. இயல்பாக அது அணைந்தே இருக்கும். பேக்கப் வேலையின் அமைப்புகளில் தேடி இயக்க வேண்டும். வீம் பேக்கப் மென்பொருளை விட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது, அதன் 12.2 பதிப்பு, 2024-இல், ப்ராக்ஸ்மாக்ஸை ஆதரிக்கத் தொடங்கிவிட்டது.

டெஸ்க்டாப் மெய்நிகராக்கத்தில் நிலைமை வேறு. ஊழியர்களுக்கு விண்டோஸ் டெஸ்க்டாப்களை சர்வரிலிருந்து வழங்குவதற்கான இயந்திரங்களை ப்ராக்ஸ்மாக்ஸ் ஓட்டும். யாருக்கு எந்த டெஸ்க்டாப், எப்போது உருவாக்குவது, எப்போது அழிப்பது என்பதைக் கவனிக்கும் இடைத்தரகு மென்பொருள் இதில் இல்லை, வெளியிலிருந்து வாங்க வேண்டும். இந்த வேலையைச் செய்துவந்த விஎம்வேரின் ஹொரைசன் பிரிவும் விற்கப்பட்டு, 2024 முதல் ஓம்னிசா என்ற தனி நிறுவனமாக நடக்கிறது. நூறு டெஸ்க்டாப்களை வழங்குவதே முக்கிய வேலை என்றால் இந்த மென்பொருளிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டாம். தம் மேசைக் கணினியில் ஓரிரு இயந்திரங்களை ஓட்ட விரும்புவோர் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவையே எடுத்துக்கொள்ளலாம்; 2024 நவம்பரிலிருந்து அது வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். பிராட்காம் செய்த மாற்றங்களில் யாரும் குறை சொல்லாத ஒன்று அது.

விலைக்கு வருவோம். மென்பொருள் ஏஜிபிஎல் உரிமத்தில் முழுமையாகத் திறந்திருக்கிறது. பணம் கட்டாதவருக்கு எந்த அம்சமும் மறுக்கப்படுவதில்லை. கட்டாதவர் ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் சந்தா இல்லை என்ற சிறு அறிவிப்பு வரும், அப்டேட்கள் குறைவாகச் சோதிக்கப்பட்ட களஞ்சியத்திலிருந்து வரும், அவ்வளவுதான். சந்தா கோர் கணக்கில்லாமல் சாக்கெட் (சர்வரில் பொருத்திய ப்ராசஸர்) கணக்கில் என்பதால் 64 கோர் ப்ராசஸருக்கும் அதே கட்டணம். ஆண்டுக்கு ஒரு சாக்கெட்டுக்கு நூறு யூரோவுக்குச் சற்று மேல் தொடங்கி ஆயிரம் யூரோவைத் தாண்டும் வரை நான்கு நிலைகள். கீழ்நிலைச் சந்தாவில் நன்கு சோதிக்கப்பட்ட களஞ்சியம் மட்டும் கிடைக்கும், உதவி கேட்க முடியாது. மேல்நிலையில்கூட நேரடி ஆதரவு ஆஸ்திரிய அலுவலக நேரத்தில்தான். இந்தியக் கடிகாரத்தில் அது ஏறக்குறைய நண்பகலில் தொடங்குகிறது. காலை ஒன்பது மணிக்கு சர்வர் படுத்தால், வியன்னாவில் அப்போது அலுவலகம் திறந்திராது. இடைவிடாத ஆதரவு வேண்டியவர்கள் உள்ளூர்ப் பங்காளர் நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும், லினக்ஸ் தெரிந்த ஒருவராவது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த இரண்டு செலவையும் சேர்த்தே விஎம்வேர் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும். விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் செலவு இதனால் குறையாது என்பதையும் மேலாளருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், ஐந்து நோடு வரையிலான இடத்தில் உற்பத்திச் சர்வர்களுக்குக் கீழிருந்து இரண்டாவதான அடிப்படை நிலைச் சந்தாவும், பேக்கப் சர்வருக்குக் கீழ்நிலைச் சந்தாவும் போதும். ஏற்கெனவே 8-ஆம் பதிப்பில் இருப்பவர்களுக்கான ஆதரவு 2026 ஆகஸ்ட்டோடு முடிகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். 8.4-க்கு வந்துவிட்டு, கூடவே தரப்படும் சோதனை நிரலை ஓட்டி, அது சிவப்பில் காட்டும் ஒவ்வொன்றையும் சரிசெய்த பிறகு, நோடு நோடாக 9-க்கு ஏற்றலாம். செஃப் வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் புதிய பதிப்புக்கு ஏற்றிவிட்டுத்தான் நோடுகளைத் தொட வேண்டும்.